இன்னிக்கு மட்டும் ஸ்டாஃப்பு

அய்ய, பயப்படாத கண்ணு, ரத்தம் இல்ல இது. குங்குமத்த எண்ணெயில கொழச்சி பூசிவுட்டுக்கீறாங்க. ஆட்டோல வேற எடம் இல்ல, உக்காரு, காஞ்சிபோச்சி, உன் துணியில ஒட்டாது.

ஆக்சிடெண்ட்டா? அட, டிராமா கண்ணு! சிறுசேரில ஒரு கம்பெனி கேட்டாண்ட நான் மீன் வறுத்து விக்கிறேன். இன்னிக்கு உள்ள சேஃப்டி டிரில்லு. அடிபட்ட ஆளாட்டம் ஒர்த்தரு தரைல படுக்கணும். அவங்க ஸ்டாஃப்பு ஒர்த்தரும் வரல, சட்ட அழுக்காயிடுமாம்! சேஃப்டி ஆபீசரு யக்ஞநாராயணன் சாரு என்னாண்ட ஓடியாந்து, கொஞ்சம் வந்து படுக்கிறியாம்மான்னாரு. எனக்கு சிரிப்பு தாங்கல. வாணலிய எறக்கி வெச்சிட்டு பூட்டேன்.

போறப்ப ஒரு டவுட்டு கேட்டேன். ஸ்ட்ரெச்சர்லேந்து நெஜமாவே கீழ போட்டுட்டா இன்னா சார் பண்ணுவீங்கன்னு. அவரு தலைய சொறிஞ்சிகினு, நஷ்டஈட்டுச் சட்டமெல்லாம் எங்க வேலையாளுங்களுக்குதாம்மா, நீ சொந்தமா கடை போட்டவ, அதுல வரமாட்ட, ஆனா இன்னிக்கு மட்டும் நீ ஸ்டாஃப்புன்னாரு. கழுத்துல கார்டு வேற மாட்டிவுட்டாரு!

இன்னா கவனிப்புன்ற! சைரன் ஊதுது, ஆளுங்க ஓடியாறாங்க, மூக்குல ஆக்சிஜன், கால்ல கட்டு. என் கல்யாணத்துல கூட என்ன ஒர்த்தரும் இப்டி தாங்கல. நான் சிரிப்ப அடக்க முடியாம குலுங்குறேன், நர்ஸு பொண்ணு சத்யப்ரியா, அக்கா நீங்க மயக்கத்துல இருக்கீங்க, சிரிக்காதீங்கன்னு கிள்ளுது!

அப்பால பேஷண்ட் பேரு இன்னான்னு கேட்டுச்சி. டக்குனு கங்காதரன்னு சொல்லிட்டேன். அல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. பாரு, நீயும் சிரிக்கிற! நானுந்தான் சிரிச்சேன்.

யாரா? எங்க வூட்டுக்காரு கண்ணு. அதே பில்டிங்குல கண்ணாடி தொடைக்கசொல்ல மேலேந்து வுழுந்துட்டாரு. ஏணி அவரோடது, பக்கெட்டு அவரோடது, அதனால அவரும் சொந்தத் தொழிலாம், வேலையாளு இல்லியாம். இடுப்புக்குக் கயிறும் தரல, ஆம்புலன்ஸும் கூப்புடல. இதே மாரி ஷேர் ஆட்டோல மடியில போட்டுகினு, ஆஸ்பத்திரிக்கு இதே ரோட்டுலதான் வந்தேன். மேடவாக்கம் தாண்டறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி.

அத்த வுடு. கடசியா மைக்குல சொன்னாங்க பாரு, கங்காதரன் பத்திரமா காப்பாத்தப்பட்டாருன்னு. அல்லாரும் கை தட்னாங்க கண்ணு. நானும் படுத்துகினே தட்னேன்.