தாமஸ்குட்டி சாரின் வீடியோவில் பதிவாகாத பக்கம்

பெயர் ரெஜினா, வயது 34, கணவர் பெயர் ஷாஜி, கோட்டயம் மாவட்டம், ஏற்றுமானூர்.

நான் மேற்படி ஊரில் குடியிருந்து, இங்குள்ள தனியார் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆசிரியையாக வேலை பார்த்து வருகிறேன். இவ்வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டுள்ள தாமஸ்குட்டி சார் அதே பள்ளியின் கணக்கு ஆசிரியர். அவருக்குத் திக்குவாய் உண்டு. பிள்ளைகள் அதைக் கேலி செய்து நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் கனமழைக்குப் பள்ளி விடுமுறை விட்டிருந்ததால் ஆசிரியர் கூட்டம் ஆன்லைனில் நடந்தது. தாமஸ்குட்டி சார் மதிப்பெண் பற்றிப் பேசத் தொடங்கி ஒரு சொல்லில் நின்றுவிட்டார். அப்போது விளையாட்டு ஆசிரியர் பிஜோய், "என்ன சாரே, வண்டி ஸ்டார்ட் ஆகலியா? இறங்கித் தள்ளணுமோ?" என்றார். அதன் பின்பு அவரைப் போலவே திக்கிப் பேசிக் காட்டினார். துணை முதல்வர் சோசாம்மா டீச்சர் தன் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

பாடங்களைப் பதிவு செய்யும் மென்பொருள் என் கம்ப்யூட்டரில் உள்ளது. அதில் திரை முழுவதையும் பதியலாம், அல்லது வேண்டிய இடத்துக்கு மட்டும் கட்டம் போடலாம். ஒரு சிநேகிதிக்கு வேடிக்கையாக அனுப்பலாம் என்று நினைத்து அதைத் திறந்தேன். முதலில் போட்ட கட்டத்துக்குள் திரையில் சாருக்குப் பக்கத்தில் இருந்த என் முகமும் விழுந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். ஆகவே கட்டத்தைச் சுருக்கி, சார் முகம் மட்டும் வரும்படி வைத்துப் பதிவை ஓடவிட்டேன். பிஜோய் அதற்குள் பேசி முடித்திருந்தார். அதன் பின்புதான் சார், "நாய்களே, ஒருத்தனையும் உயிரோட விடமாட்டேன்டா!" என்று கத்தினார். அந்த வார்த்தைகளில் மட்டும் அவருக்குத் திக்கவில்லை.

நான் சிநேகிதிக்கு அனுப்பிய அந்த வீடியோ பெற்றோர்களுக்குப் போய், அவர்கள் புகார் கொடுத்து, சாரைப் பள்ளியில் இடைநீக்கம் செய்து, அதன் பின்பு கொலை மிரட்டல் வழக்கும் பதிவானது. பள்ளி விசாரணையில் எல்லோரும் சார் காரணமின்றிக் கத்தினார் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

நேற்று சாரின் மனைவி லிசியம்மா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மோளே, அந்த வீடியோவுல மிச்சப் பக்கம் எங்க?"

"இல்ல சேச்சி. நான் வெட்டி எடுக்கல. கட்டத்துக்கு வெளிய இருந்ததும், அதுக்கு முன்னாடி நடந்ததும் பதிவே ஆகல."

"நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அப்ப அது உங்கிட்டதான இருக்கு?"

 சார் இப்போது வீட்டிலும் பேசுவதில்லை என்றும், மீன்காரரிடம்கூட விரலைக் காட்டித்தான் வாங்குகிறார் என்றும் சொல்லிவிட்டு லிசியம்மா குடையை விரித்துக்கொண்டு போனார். இன்று காலை நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இந்த வாக்குமூலத்தை எழுதிய ஏட்டையா அதை வாசித்துக் காட்டும்போது நடுவில் நிறுத்தி, "டீச்சரே, நீங்க சிரிச்ச விஷயம் கேஸுக்கு வேண்டாமே, விட்டுடட்டுமா?" என்றார். இருக்கட்டும் என்றேன்.

யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொல்லியபடியே இது எழுதப்பட்டுள்ளது. வாசிக்கக் கேட்டேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ரெஜினா ஷாஜி