பின்னங்காலைப் பிடித்தவன்

ஹாலிஸுக்குச் சோள ரொட்டியில் சர்க்கரை போட்டால் பிடிக்காது. "கேக் வேணும்னா கேக்குன்னு கேக்க மாட்டனா?" என்று தட்டைத் தள்ளிவிடுவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை இங்கே அதிக நேரம் உட்கார வைத்தால், இன்றைக்கு அவனுக்குச் சமைத்துப் போட வேறு யாராவது போக வேண்டியிருக்கும்.

நீங்கள் நான் ஓட்டிய பள்ளி பஸ்ஸில் வந்த பிள்ளை, தம்பி. ஆற்றுப்பாலத்தின் மேடு வந்தாலே வாந்தி எடுப்பீர்கள். இப்போது துணை ஷெரீஃப் ஆகி, எதிரே உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்கிறீர்கள். சந்தோஷம்தான். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

என் மனைவி லொரீன் போய்ச் சேர்ந்த பிறகு நான் ராத்திரிச் சாப்பாட்டை ஹாலிஸ் வீட்டில்தான் சாப்பிட்டேன். அவனும் தனி ஆள். தீவனக் கடையைப் பூட்டிவிட்டு வந்து அடுப்பில் பீன்ஸ் ஏற்றுவான், நான் ரொட்டி சுடுவேன். பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டோம். மனுஷனுக்கு அது போதும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காபிக் கடையில் அவன் சர்வசாதாரணமாகச் சொன்னான்: "மார்லா ஆரெகனுக்கு வந்துரு வந்துருன்னு உயிர எடுக்குறாடா. வெயில் காலத்துக்கு முன்னாடி போயிடலாம்னு பாக்குறேன்."

மார்லா அவனுடைய ஒரே மகள்.

"அங்க வருஷம் முழுக்க மழை பெய்யுமே. நீ பூசணம் புடிச்சிருவ" என்றேன்.

"பூசணம் புடிச்சா நீ வந்து தொடச்சு விடு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகு என்னால் இறங்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அவன் இல்லாமல் அணைந்து கிடக்கப்போகும் அந்த வீட்டு விளக்கை நினைத்துப் பார்த்தேன்.

வேட்டைக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். ஊரைவிட்டுப் போவதற்கு முன் ஒரு கடைசிப் பன்றி வேட்டை. எங்கள் இருவரிடமும் இப்போது நாய்கள் இல்லை. சின்ன வயதில் நாங்கள் வேட்டையாடிய நிலத்தையெல்லாம் விற்றுவிட்டார்கள். அதனால் கூட்டிப்போக ஆள் வேண்டும். பிராசஸ் ஆற்றுப் பக்கம் அப்படிக் கூட்டிப்போகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலானவர்கள் உங்களை ஒரு பரணில் ஏற்றி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மக்காச்சோளத்தைக் கொட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். நான் அவர்களை விசாரித்துவிட்டு விட்டுவிட்டேன். நாய் வைத்து, கத்தியால் முடிக்கிற ஆள்தான் எனக்கு வேண்டியிருந்தது. அப்படித்தான் ட்வைலா கோசுரெக் கிடைத்தாள். அவளுடைய அப்பாவும் இதே தொழில். பொறுப்பான பெண், அவளைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஹாலிஸ் முதலில் மாட்டேன் என்றான்.

"நம்ம முட்டிக்குப் பரண்ல குந்திக்கிட்டு சுடுறதே பெருசு. கத்தியத் தூக்கிக்கிட்டு முள்ளுக்குள்ள ஓடணுமா? போடா கிறுக்கா."

"பரண்ல குந்துறதுக்குப் பேரு வேட்டையா? அதுக்கு வீட்லயே டிவி பாக்கலாம். நீ ஆரெகன்ல போய்க் காளான்தான் பொறுக்கப் போற. அதுக்கு முன்னாடி ஒருக்கா ஆம்பளையா இருந்துட்டுப் போ."

அது அவனுக்குச் சுருக்கென்று பட்டது. பட வேண்டும் என்றுதான் சொன்னேன். அடுத்த வாரமே அவன் அப்பாவின் கத்தியைத் தேடி எடுத்துத் தீட்டிக்கொண்டு வந்து காட்டினான். அவன் கண் அப்படி மின்னி நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த வாரங்கள் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தன. மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு கிழங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டோம். எந்த வழியாகப் போவது, தொத்திறைச்சி எடுத்துப்போவதா, வழியில் வாங்குவதா. முழங்கால் வரை வருகிற தடித்த கால் கவசம் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டான். பாம்புக் கடிக்கும் முள்ளுக்கும் போடுவது, பன்றியின் கோரைப்பல்லையும் ஓரளவு தாங்கும். "குளிர் காலத்துல ஏதுடா பாம்பு? அந்தக் கனத்தத் தூக்கிக்கிட்டு நீ நடக்குறதுக்குள்ள பன்னி பேரன் பேத்தி எடுத்துரும்" என்றேன். வாங்கவில்லை.

நாய் வேட்டை எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன். மோப்ப நாய்கள் பன்றியைத் தேடிப் பிடித்து, சுற்றி நின்று குரைத்து மறிக்கும். பிறகு கவச உடுப்பு மாட்டிய முரட்டு நாயை விடுவார்கள், அது காதைக் கவ்விக்கொள்ளும். அப்போது ஒருவன் பின்னால் போய்ப் பன்றியின் பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். பின்னங்கால் தரையில் இல்லாவிட்டால் பன்றியால் திரும்ப முடியாது. பிடித்தவன் "புடிச்சிட்டேன்" என்பான். அதற்குப் பிறகுதான் கத்தி வைத்திருப்பவன் பக்கத்தில் போய் மண்டியிடுவான். கை நழுவினால் "நழுவிருச்சு" என்று கத்த வேண்டும். கத்தினால் கத்திக்காரன் எகிறிக் குதித்து ஓடிவிடுவான். எங்கள் பக்கத்துப் பையன்கள் எழுதப் படிக்கக் கற்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். கை நழுவுவதற்கு யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. பன்றி சேற்றில் புரண்ட மிருகம், வழுக்கத்தான் செய்யும்.

பொதுவாகக் காலைப் பிடிப்பது கூட்டிப்போகிறவரின் வேலை. ட்வைலாவிடம் நான்தான் கேட்டு வாங்கினேன்.

"ஐயா, இந்த வயசுல வேண்டாமே. நான் புடிக்கிறேன், நீங்க ஓரமா நின்னு போட்டோ எடுங்க" என்றாள்.

"உங்கப்பன் தவழ்ந்துக்கிட்டு இருந்தப்பவே எனக்குப் பன்னிக் கால் புடிச்சுக் குடுத்தவன்மா இவன்" என்று ஹாலிஸ் குறுக்கிட்டான். "ஊர்ல இவன் கை மாதிரி ஒரு கை கிடையாது."

காலையில், பனி விலகும் நேரத்தில், நாய்கள் ஒரு பெரிய ஆண்பன்றியை ஓடைச் சரிவில் மறித்தன. கறுப்பு, முதுகு முழுக்க விறைத்த மயிர். முரட்டு நாய் காதைக் கவ்வியது. நான் பின்னால் போய்க் காலைப் பிடித்துத் தூக்கினேன். பிடி நன்றாகத்தான் இருந்தது. ஊரில் என் கை மாதிரி ஒரு கை கிடையாது.

"புடிச்சிருக்கியா, வெண்டல்?" என்று ஹாலிஸ் கேட்டான்.

"புடிச்சிருக்கேன்."

அவன் மண்டியிட்டான். ட்வைலா நாயின் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் குனிந்தாள். நான் விட்டேன்.

நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை என்பதை நீங்கள் தயவுசெய்து அப்படியே எழுத வேண்டும். பன்றி மனிதனைக் கிழிப்பது முழங்கால் உயரத்தில். அதை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். வாரக்கணக்கில் யோசித்துத்தான் முடிவு செய்தேன். ஒரு கால் போதும். வலது கால் என்றால் வண்டி ஓட்ட முடியாது என்பதையும் யோசித்தேன், ஆனால் அது என் கையில் இல்லை, கடவுளிடம் விட்டுவிட்டேன். வலது கால்தான் கிழிந்தது. நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பாக இருந்தால் அவர் அப்படி விட்டிருப்பாரா என்று எனக்குத் தோன்றியது.

என் இடுப்புப் பட்டியை உருவி அவன் தொடையில் கட்டியது நான். மருத்துவமனை வரைக்கும் அவன் தலையை மடியில் வைத்திருந்தது நான். மார்லா விமானத்தில் வந்து அழுதபோது அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நரம்பு அறுந்துவிட்டது, முழங்கால் இனி மடங்காது, நெடுந்தூரப் பயணம் இப்போதைக்கு முடியாது என்றார்கள். என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மார்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா என்ன பண்ணியிருப்போம் அங்கிள்" என்றாள்.

இது நடந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நான் அவனை நன்றாக வைத்திருக்கிறேன். உடற்பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வலியில் அவன் முகம் போகிற போக்கைச் சகிக்க முடியாமல் நானே நிறுத்திவிட்டேன். வாசல் படிக்குச் சரிவுப் பலகை போடச் சொன்னார்கள். எதற்கு? வெளியே போக வேண்டுமென்றால் நான் தூக்கிக்கொண்டு போகிறேன். போனில் பேசினால் களைத்துப்போகிறான், அதனால் போன் என் சட்டைப் பையில் இருக்கும். கேட்டால் கொடுப்பேன். இப்போதெல்லாம் அவன் கேட்பதில்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. மதியம் சாய்வு நாற்காலியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். திடீரென்று, "புடிச்சிருக்கியா, வெண்டல்?" என்பான். அதே குரல். நான் எங்கே இருந்தாலும் ஓடி வந்து "புடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்பான். தூக்கத்தில்தான் கேட்கிறான் என்று நினைத்திருந்தேன். போன மாதம் குனிந்து பார்த்தேன், அவன் இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. அவன் தூங்கவில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கேள்வி எனக்குப் பாத்திரம் கழுவும்போது கேட்கிறது, தீவனக் கடை வாசலில் கேட்கிறது, லொரீனின் கல்லறைக்குப் பூ கொண்டுபோனால் அங்கேயும் கேட்கிறது. என் கை அந்த நேரத்தில் தானாக மூடிக்கொள்கிறது. பாருங்கள், இப்போதும்.

நன்றிநாள் விருந்துக்கு மார்லா வந்திருந்தாள். பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்குத் தெரியுமா அங்கிள், வேட்டைக்குப் போறதுக்கு முந்தின வாரமே அப்பா எனக்குப் போன் பண்ணி, ஆரெகனுக்கு வரலேன்னுட்டாரு. 'வெண்டல் ஒத்தையில எப்படிச் சாப்புடுவான்? நான் இங்கேயே கெடந்துக்கறேன்'னாரு. நான்தான் கோவத்துல அவரோட ரெண்டு நாள் பேசாம இருந்தேன்."

பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். வெகுநேரம் அங்கேயே நின்றேன். பிறகு யோசித்தேன். அந்த வாரம் வரவில்லை என்றவன் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்ல மாட்டானா? மகள் ஒரு தடவை அழுதால் போதும். சொல் மாறும். முழங்கால் மாறாது.

ட்வைலா உங்களிடம் வந்து என்ன சொன்னாள் என்று தெரியும். போன வாரம் என் வாசலிலும் நின்று சொன்னாள். "ஐயா, உங்க கை நழுவுனத நான் பாக்கல. ஆனா நீங்க கத்தல. மூணு நாய் கொரைக்கிறதுக்கு நடுவுல எங்கப்பா கத்துறது ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். நீங்க வாயத் தொறக்கவே இல்ல. ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல." கெட்டிக்காரப் பெண். விட்டது தப்பில்லை. கத்தியிருக்க வேண்டும். நான் யோசிக்காமல் போனது அது ஒன்றைத்தான். வேண்டுமென்றே விட்டவனுக்கு நழுவிருச்சு என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையில் யாரும் பொய் சொல்வதில்லை.

காலையில் நான் கடைக்குப் போயிருந்தபோது நீங்கள் ஹாலிஸைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அவன் உங்களிடம், "வெண்டல் கத்துனான். நான் கேட்டேன். என் காதுல நல்லா விழுந்துச்சு, நான்தான் எந்திரிக்க லேட் பண்ணிட்டேன்" என்றானாம். அப்படிச் சொல்வதற்கு முன் "வெண்டல் வீட்ல இருக்கானா?" என்று இரண்டு தடவை கேட்டான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினான் என்கிறீர்கள். அதை என்னிடம் ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. எனக்காக அவன் பொய் சொல்லியிருக்கிறான், தம்பி. நட்பு என்றால் அதுதான். அவன் எதற்கோ பயப்படுகிற மாதிரி தெரிகிறது என்று நீங்கள் சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை. நாள் முழுக்க நான் பக்கத்திலேயே இருக்கும்போது, அவன் யாருக்குப் பயப்பட வேண்டும்?