நூற்றுப் பதினோராம் பகுதியைத் தன் வாயால் சொன்னவருக்கு

அமேசான் காட்டுப் பூரூஸ் ஆற்றங்கரையில் பொழுது உச்சிக்கு ஏறும் வேளையெல்லாம் எங்கள் இல்லங்களில் ஒலித்த இனிய குரலே, பாஷியூபா நகரம் பார்த்துப் பழகிய பண்பட்ட முகமே, வெள்ளம் வந்த நாளிலும் விழா வந்த நாளிலும் வேளை தவறாது வந்து நின்ற வித்தகியே, முப்பத்தெட்டு ஆண்டுகள் நான்காம் அலைவரிசையின் நடுநாயகமாய் விளங்கி இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய தோனா ஓசனீரா பெசேரா அவர்களே, பாஷியூபா தொலைக்காட்சி நிலையத்து ஊழியர்களாகிய நாங்கள் தங்களை நெஞ்சாரத் தழுவி வணங்குகிறோம்.

தங்கள் பொறுமையைப் போற்றி ஒரு பத்தி எழுதத்தான் முதலில் தொடங்கினோம். ஒலிவாங்கியை விரலால் தட்டிச் சோதிக்கும் புதியவர்களுக்குத் தங்களிடம் கிடைத்த வசைகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பத்தியை எடுத்துவிட்டோம். தங்கள் நேரந்தவறாமையைப் பற்றிய பத்தி அப்படியே இருக்கிறது. அதில் குறை சொல்ல இந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் தாங்கள் இங்கே அடியெடுத்து வைத்தபோது நிலையம் என்பது ஒரு தகரக் கூரை, ஒரு கோபுரம், இரண்டு வீடியோ நாடா இயந்திரங்கள், ஒரே ஒரு கேமரா. அந்தக் கேமராவும் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவதற்கென்று வைத்தது. ரியோவில் மக்கள் பார்த்து முடித்த தொடர் ஒன்பது நாள் கழித்து எங்களுக்கு வரும். விமானத்தில் அக்கரை ஓடுபாதைக்கு வந்து, அங்கிருந்து ஓடத்தில் ஆறு கடந்து, மாலை ஏழு மணிக்கு ஒளிபரப்பாகி, மறுநாள் காலை அதே நாடா ஆற்றின் மேற்புறத்து ஊருக்குப் போய்விடும். கதாநாயகிக்காக அழுவதற்குக்கூட நாங்கள் ஒன்பது நாள் காத்திருந்தோம். தாங்கள் அப்போது நாடா அறைப் பொறுப்பாளர். வாங்குவது, ஓட்டுவது, சுற்றுவது, அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. இந்த ஊரின் ஒரு முகமோ ஒரு சொல்லோ அதுவரை திரையில் வந்ததில்லை.

பாராட்டு மடலில் ‘நாங்கள்’ என்றுதான் எழுதவேண்டும் என்பது முறை. சக ஊழியர்களின் அனுமதியோடு இங்கிருந்து சற்றுத் தூரம் ‘நான்’ என்று எழுதுகிறேன். மடலை எழுதும் பொறுப்பு, தங்களுக்கு அடுத்தபடி மூத்தவன் என்பதால், ஜுவெனால் சம்பாயு ஆகிய என்னிடம் வந்தது. அன்று விமானத்திலிருந்து நாடா வாங்கி வரும் வேலை என்னுடையது.

அந்த நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை நாடா வரவில்லை என்றுதான் ஊர் இன்றுவரை நினைக்கிறது. நாடா வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். ஓடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த மாவு வியாபாரி டோமினோ ஆடலாமா என்றார். ஆடுவதற்குத் தட்டையான இடம் வேண்டும். நாடாப்பெட்டியை முழங்கால்களின் மேல் மேசையாக வைத்துக்கொண்டோம். நான் ஜெயிக்கிற ஆட்டம் அது. கடைசிக் காயை ஓங்கி வைத்த அதே நேரத்தில் ஒரு பெரிய படகு பக்கத்தில் போய் அலை கிளப்பிற்று. காய்களை அள்ளிப் பிடித்தேன். பெட்டி தண்ணீருக்குள் போயிற்று.

விமானத்தில் நாடா இல்லை என்று தங்களிடம் வந்து சொன்னேன். தாங்கள் என் ஈரமான கால்சட்டையைப் பார்த்தீர்கள், சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ரசீதையும் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. மணி ஆறே முக்கால். இயக்குநர் அரிஸ்தீதிஸ் ஐயா தலைநகருக்குப் போயிருந்தார். சதுக்கத்துப் பொதுத் தொலைக்காட்சியின் முன்னால் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. முந்தைய நாள் கதை நின்ற இடம் அப்படி: மணப்பெண் மரீலியா தேவாலய வாசலில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து முன்பின் தெரியாத ஒருவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான்.

“ஜுவெனால், அந்தக் கேமராவைக் கடிகாரத்துலேருந்து இந்தப் பக்கம் திருப்பு” என்றீர்கள். திருப்பினேன். தாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊரைப் பார்த்துப் பேசினீர்கள்.

“இன்னிக்கு நாடா இல்ல. கதை எங்க நின்னுச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நூத்துப் பதினொண்ணை நான் சொல்றேன். யாரும் எழுந்து போயிடாதீங்க.”

நாற்பது நிமிடம் சொன்னீர்கள். மாமியாருக்கு ஒரு குரல், பாதிரியாருக்கு ஒரு குரல், வந்தவனுக்கு ஒரு தழுதழுத்த குரல். வந்தவன் சிறுவயதில் காணாமல் போன மரீலியாவின் அண்ணன் என்றீர்கள். அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தான், மணி அடித்தது, திருமணம் முடிந்தது. சதுக்கத்தில் அழாதவர் இல்லை. என் குற்றம் எனக்கே மறந்துபோய் நானும் அழுதேன்.

மறுநாள் நூற்றுப் பன்னிரண்டாம் பகுதி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதில் மரீலியாவுக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. அவள் வந்தவனோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தாள், அவன் அவளை முத்தமிட்டான். கால்மணி நேரத்தில் மீன்காரி கிளியோனீர், செதில் சீவும் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், நிலையத்துக் கதவைத் தட்டினார்.

“ஏம்மா, நேத்து அவன் கூடப் பொறந்தவன்னு சொன்னே. இன்னிக்கு அவனோடயே ஓடிப் போறா. வீட்ல மூணு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு இதுக்கு நான் என்னத்தைச் சொல்றது?”

“அக்கா, தப்பு என்னோடது. அவ அம்மா அப்படி ஒரு பிள்ளையைப் பெக்கவே இல்ல. அந்த அண்ணனை நான்தான் பெத்தேன்.”

“பெத்ததுதான் பெத்தே, நல்ல பிள்ளையாத்தான் பெத்திருக்கே. இந்த ரயில்காரனுக்கு அவன் எவ்வளவோ தேவலை” என்று சொல்லிவிட்டு அவர் போனார். அதற்கப்புறம் ஊர் இரண்டு கட்சியாயிற்று, தங்கள் கட்சிதான் பெரிது.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. ராணுவ ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் தணிக்கை முத்திரை இல்லாமல் ஒரு பகுதியும் ஒளிபரப்பக்கூடாது. தாங்கள் சொன்ன பகுதிக்கு யார் முத்திரை போட்டிருக்க முடியும்? நாடாவைத் தொலைத்தது யார், அனுமதியின்றிப் பேசியது யார், மூன்று நாளில் பெயர் வராவிட்டால் நிலையம் மூடப்படும் என்று தலைநகரிலிருந்து தந்தி வந்தது. அரிஸ்தீதிஸ் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“நாடாவைக் குடுத்துட்டேன்னு விமானி சொல்றான். நீங்க வரலைங்கறீங்க. எனக்கு ஒரு பேர் வேணும். இல்லேன்னா கோபுரத்தைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க.”

“வந்துச்சு ஐயா. என் கைக்குத்தான் வந்துச்சு. நான்தான் தொலைச்சேன்” என்றீர்கள்.

“பேசினது?”

“அதுவும் நான்தான். அதை ஊரே பார்த்துச்சே.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, வாயைத் திறக்கும் வயதுதான். திறக்கவில்லை. தங்களுக்கு முப்பது நாள் பணியிடைநீக்கம். பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: ‘பொறுப்பின்மையால் நாடாவைத் தொலைத்தவர், அனுமதியின்றிப் பேசியவர்.’

முப்பது நாளும் ஊர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண் எங்கே என்று கேட்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ரப்பர் பால் எடுப்பவர்கள் ஆற்றின் மேலிருந்து இரண்டு நாள் துடுப்புப் போட்டு வந்து கேட்டார்கள். கதைக்காக வந்தவர்கள் பாதிப்பேர்தான். தம் ஊர்ப் பேச்சு தம் ஊர்த் திரையில் ஒருமுறை கேட்டுவிட்டதால் மறுபடியும் கேட்க வந்தவர்கள் மீதி. முப்பத்தோராம் நாள் அரிஸ்தீதிஸ் ஐயா கடிகாரக் கேமராவைத் தங்களிடமே கொடுத்து, நண்பகலில் அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், தொடரைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ‘நண்பகல் பாஷியூபா’ அப்படித்தான் பிறந்தது.

இனி மீண்டும் ‘நாங்கள்’. ஆற்று நீர் எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறது என்று தாங்கள் சொன்ன பிறகே கரையோர மக்கள் பாய் சுருட்டினார்கள். எந்தப் படகில் தடுப்பூசி வருகிறது, மருத்துவமனையில் யாருக்குக் குழந்தை பிறந்தது, அப்பாவை எந்தப் படகுத்துறையில் வந்து அழைத்துப் போகவேண்டும் என்பதையெல்லாம் தாங்கள் சொல்லித்தான் ஆற்றின் மேலுள்ளவர்கள் அறிந்தார்கள். செயற்கைக்கோள் வந்து நாடாவை ஒழித்தது. ரியோவின் கடிகாரத்துக்கும் எங்கள் கடிகாரத்துக்கும் நடந்த வழக்கில் அரசாங்கம் எங்கள் நேரத்தை ஒருமுறை ஒரு மணி முன்னே தள்ளி, பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டுகள் முழுக்க ஊரார் நண்பகல் எது என்பதைச் சூரியனிடம் கேட்கவில்லை, தங்களிடம் கேட்டார்கள். அன்று ஒன்பது பேர் இருந்த நிலையத்தில் இன்று அறுபத்திரண்டு பேர் இருக்கிறோம்.

இருமுறை இயக்குநர் பதவிக்குத் தங்கள் பெயர் போயிற்று. இருமுறையும் தலைமையகத்தார் பதிவேட்டைப் புரட்டி, அந்த வரியைப் படித்துவிட்டு, வெளியூரிலிருந்து வேறொருவரை அனுப்பினார்கள். வந்தவர்களுக்கு மாலைக் காப்பியோடு ஊரை அறிமுகம் செய்துவைத்தது தாங்கள்தான். அந்த இருமுறையும் பேசாமல் இருந்தவன் யார் என்பதை இப்போது இந்தக் கூடம் அறிந்துகொண்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, தோனா ஓசனீரா.

சென்ற வாரம் தாங்கள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது வந்து சொன்னேன்.

“டோமினோ விஷயத்தை மடல்ல எழுதப் போறேங்க.”

“இப்ப எதுக்குப்பா? எனக்கே அந்த வரி பழகிப் போச்சு.”

“எனக்குப் பழகலீங்க. ரெண்டு தடவை உங்க நாற்காலி போச்சு.”

“அந்த நாற்காலியில உக்காந்திருந்தா நண்பகல்ல யாரு பேசறதாம், நீயா?” என்று சிரித்தீர்கள். பிறகு இழுப்பறையை மூடிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். “உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தியா? அது கொஞ்சம்தான். நாடா போகாம இருந்திருந்தா, சாகிற வரைக்கும் அடுத்தவங்க பேசினதையே சுத்திச் சுத்திப் போட்டுட்டு இருந்திருப்பேன். என் வாழ்க்கை அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது. அந்த நாள் முழுசா எனக்கு வேணும்னு இருந்துச்சு. உனக்குப் பங்கு குடுக்க மனசு வரல.”

மேசை மேலிருந்த பேனாவை என் பக்கம் தள்ளினீர்கள்.

“இப்பக் குடுக்கறேன். எழுதிக்கோ. ஆனா என் வரியை யாரும் அடிக்கக்கூடாது. ‘அனுமதியின்றிப் பேசியவர்’னு இருக்கு பாரு, அது அப்படியே இருக்கணும்.”

தற்போதைய இயக்குநரின் ஒப்புதலோடு பதிவேட்டில் தங்கள் வரி அப்படியே இருக்கிறது. ‘தொலைத்தவர்’ என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் என் பெயரையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.

பெருமாட்டியே, தங்கள் கால்கள் ஆற்றங்கரை நடைக்கும் தங்கள் குரல் அண்டை வீட்டாரை அதட்டவும் நூறாண்டு உறுதியாக இருக்கட்டும். மதியம் மணி பன்னிரண்டு அடிக்கையில் மரவள்ளி மாவும் வறுத்த மீனும் தங்கள் தட்டில் சூடாக இருக்கட்டும். திரையில் பேசும் புதியவர்களின் தவறுகளைத் தாங்கள் வீட்டிலிருந்தபடி தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும், அதை எதிர்பார்த்தே இருக்கிறோம். தங்கள் உடல்நலமும் உள்ளநிறைவும் குன்றாது பெருக எங்கள் அன்பு அனைத்தையும் இந்த மடலில் வைத்து அளிக்கிறோம்.

பாஷியூபா
மூன்றாம் நாள், ஆகஸ்டு, 2017

தங்கள் அன்பிற்குரிய
பாஷியூபா தொலைக்காட்சி நிலையத்து ஊழியர்கள் அறுபத்தோரு பேர்,
நாடாவை ஆற்றில் விட்ட ஜுவெனால் சம்பாயு