மஞ்சத்துணியில முடிஞ்ச ஏர்போட்டு வரி

…அங்கனதான் எனக்கு வயிறு எரியுது அண்ணாச்சி! ஊருக்குள்ள வாறவங்கிட்ட வரி கேளு, நியாயம். தங்குதான், தண்ணி குடிக்கான், கேளு. ஊர விட்டுப் போறவங்கிட்ட என்னத்துக்குவே வரி? முன்னூறு ரூவா! வெளிநாட்டுப் பயண வரியாம். பாஸ்போட்டுக்கு ஒரு துட்டு, விசாவுக்கு ஒரு துட்டு, டிக்கெட்டுக்கு ஒரு பெருந்துட்டு… எல்லாம் குடுத்து முடிச்சு, பொட்டியும் உள்ள போன பொறவு, ஒருத்தன் சன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு ‘போறதுக்கு முன்னூறு’ங்கான். நம்ம பாவநாசம் பஸ்ஸுல கண்டக்டரு டிக்கெட்டும் கிழிச்சுக் குடுத்துட்டு, ‘ஊர விட்டுப் போறதுக்கு தனியா மூணு ரூவா வையி’ன்னா நீரு சும்மா இருப்பீரா? … இருப்பீரு. மொகத்தப் பாத்தாலே தெரியுது. நான் இருக்க மாட்டேன்.

கொஞ்சம் அங்கன நவந்து உக்காரும். ஆரல்வாய்மொழியில ஏறுனதுலருந்து பாதி ஒடம்பு அந்தரத்துலதான் கெடக்கு. ஆங்… இப்பம் சரி. எம்பேரு நாறும்பூநாதன். விக்கிரமசிங்கபுரத்துல மில்லு வாசலுக்கு எதுக்க சைக்கிள் கட. மூணு ஷிப்டு சைக்கிளுக்கும் காத்தடிக்கது நாந்தான். … இதுவா? இந்த மஞ்சத்துணியா? அதப் பொறவு சொல்லுதேன். இப்பம் அதக் கேக்காதீரும்.

திருவனந்தபுரம் ஏர்போட்டுலருந்துதான் வாறேன். எங்க கோமு அக்கா மவன் சுந்தரு, மஸ்கட்டுக்கு ஏசி மெக்கானிக்காப் போறான். எங்க அத்தான் செத்து பதினாறு வருஷமாச்சு. பய அப்பம் ரெண்டாங்கிளாஸ். எஞ்சைக்கிள் பாருல உக்காந்துதான் அம்புட்டு ஒசரமும் வளந்தான். இன்னைக்கு அந்தப் பிளேனுல ஏறலன்னா விசா செத்துரும்வே. அடுத்த பிளேனு வெள்ளிக்கெழம, விசா புதங்கெழமையோட சரி. அம்புட்டு நெருக்கடி!

வழியனுப்ப எத்தன பேரு போனோம், சொல்லும் பாப்போம். நாலா? ஏ யப்பா… நாலு பேரு போனா அது வழியனுப்பா வே? பதினஞ்சு பேரு! வேன் ஓட்டுத மதாரையும் சேத்து. அக்கா, நானு, எங்க வீட்டுக்காரி, அவ தங்கச்சி, தங்கச்சி பிள்ளைய மூணு, மில்லுல டைம்கீப்பரா இருந்த குற்றாலலிங்கம்… அவரு எதுக்கு வந்தாருன்னு இதுவர ஒருத்தருக்கும் தெரியாது. மப்ளர் கட்டிக்கிட்டு வேன்ல மொதல்ல ஏறுனது அவருதான். சுந்தரு பொட்டிக்கு எடமில்ல, மேல கட்டுனோம். சுந்தரையும் மேல கட்டியிருப்போம், அக்கா விடல. ஹஹ்ஹா!

டிக்கெட்டா? இரும்வே கண்டக்டரே, முன்னால குடுத்துட்டு வாரும். நாங்க எங்க ஓடப் போறோம்?

ஆங்… பய கெளம்பும்போது ஒரு கவரக் குடுத்தான். ‘மாமா, முன்னூறு இருக்கு, வரிக்கு. பொட்டியப் போட்டதும் சன்னல்ல கட்டணும். பதட்டத்துல தொலச்சிருவேன், நீங்க வச்சுக்கிடுங்க’ன்னான். தாய்மாமன் வேற எதுக்கு இருக்கான்? சட்டப் பைக்குள்ள வச்சு, அதுக்கு மேல சீப்பையும் வச்சேன். பத்திரம்னா பத்திரம்.

வாசல்ல ஒரு துப்பாக்கிக்காரன் நிக்கான். பயணம் போறவன் மட்டும் உள்ள போலாமாம். மத்தவங்க அதுக்குன்னு சீட்டு எடுக்கணுமாம். வழியனுப்புறதுக்கும் துட்டு கேக்கான் வே! பெத்தவ புள்ளையப் பாத்து அழுகதுக்கு இருவது ரூவா. ஆளுக்கு இருவது, பதினஞ்சு பேரு, எவ்வளவு ஆச்சு? … நீரு கணக்கு வாத்தியாரா? வாய மூடுததுக்குள்ள சொல்லிட்டீரே. சரி, அத விடும்.

உள்ள போனா, ஏ யப்பா… என்னா குளிர்ச்சி! குற்றாலலிங்கம் மப்ளர எறக்கி மூக்கையும் சேத்து மூடிட்டாரு. மாடியில கண்ணாடி. கண்ணாடிக்கு அங்கிட்டு பிளேனு நிக்கி! நம்ம மில்லுல ஒரு ஷெட்டுக்கு றெக்க முளச்ச மாதிரி. பிள்ளைய மூணும் குதிக்கி, எங்க வீட்டுக்காரி குதிக்கா, மதாரு ‘மொதலாளி, இதுக்கு எத்தன டயரு’ன்னு எண்ணுதான். எனக்கு ஒரே சிரிப்பாணி. கல்யாண வீடு தோத்துரும்!

அப்பம் கீழருந்து பய வாறான். ‘மாமா, பொட்டி போட்டாச்சு, வரி?’ங்கான்.

பையத் தடவுதேன். சீப்பு இருக்கு.

எங்க போச்சுன்னு கேக்காதீரும். … அதான் கணக்கு வாத்தியாரு அப்பமே கண்டுபிடிச்சிட்டீரே! ஆமா வே. வாசல்ல குடுத்த முன்னூறு அந்த முன்னூறுதான். என் கைத்துட்டு நாகரோயில்ல பதினாறு காப்பியோட போச்சு. பாத்துக்கிடலாம்னு நெனச்சேன். நாம வாழ்க்கையில எத பாத்துக்கிடல?

ஆளாளுக்குக் கேட்டேன். ஓசி வேன்ல வந்தவன் எவன் மடியிலவே துட்டு இருக்கும்? குற்றாலலிங்கம் மூக்குப்பொடி டப்பாவத் தொறந்து காட்டுதாரு. மதார்கிட்ட டீசல் துட்டு இருந்துச்சு. ‘தாரேன் மொதலாளி, ஆனா ஊர் வர வேன நீங்கதான் தள்ளணும்’ங்கான். பய மொகம் வெளுத்துட்டு. அங்கன மைக்குல மஸ்கட்டு மஸ்கட்டுன்னு ஒருத்தி கூப்பிடுதா.

இப்பம் வாறேன் மஞ்சத்துணிக்கு. நேத்து ஊரே வந்து பய கையில துட்டு வச்சு அனுப்புச்சு. பதினொண்ணு, இருவத்தொண்ணு, அம்பத்தொண்ணு… எல்லாம் ஒத்த ரூவா சேத்து. அம்புட்டையும் எங்கக்கா வாங்கி இந்தத் துணியில முடிஞ்சுட்டா. ‘எம்புள்ள நல்லபடியா மஸ்கட்டுல எறங்கட்டும், பாவநாசம் உலகம்மை உண்டியல்ல போட்டுருதேன்’னு. சாமிக்கு முடிஞ்சா முடிஞ்சதுதான். வீடு தீப்பிடிச்சாலும் அவுக்கப்பிடாது. உமக்குத் தெரியாததா!

அக்கா கண்ணாடியில மூக்க ஒட்டிக்கிட்டு நிக்கா. வயர்க்கூட கால்கிட்ட இருக்கு. மெள்ளக் குனிஞ்சேன்… திருடலவே! அப்படிப் பாக்காதீரும். எடுத்தேன். முடிச்சு கையால வரல, பல்லாலக் கடிச்சேன். கடிக்க முன்னால உலகம்மைகிட்ட ஒரு வார்த்த கேட்டேன். ‘ஆத்தா, பய நல்லபடியா எறங்குனாத்தான உனக்குத் துட்டு? ஏறாம எப்படி எறங்குவான்?’ அவ ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா சரின்னுதானே அர்த்தம்?

சன்னல்காரன் அம்புட்டுச் சில்லறையையும் எண்ணுதான், பின்னால நிக்கவனெல்லாம் என்னய வையுதான். மலையாளத்துல. நல்ல வார்த்தையா இருக்காது. டப்புன்னு ஒரு முத்திர! பய ஓடுனான் பாரும்… கும்பிடக்கூட நேரமில்ல.

மிச்சம் ஒத்த ரூவாதான். அத மட்டும் முடிஞ்சா துணி சப்பையா இருக்கும்லா? வாசல்ல கிழிச்ச சீட்டு பதினஞ்சையும் சுருட்டி உள்ள வச்சு, பழைய மாதிரியே முடிஞ்சு கூடைக்குள்ள போட்டுட்டேன். என்னா மூள பாத்தீரா?

ஆரல்வாய்மொழி வந்தோம். மலையப் பாத்ததும் எங்கக்காளுக்கு உலகம்மை நெனப்பு வந்துட்டு. முடிச்ச எடுத்துக் கண்ணுல ஒத்துதா. குலுக்குதா. நேத்து கலகலன்னு கெடந்த முடிச்சு, இன்னைக்கு ஊம! ‘லே நாறும்பூ, இங்க பாரு’ன்னா. நான் மலையப் பாக்கேன். ‘உலகம்மை மேல சத்தியமாச் சொல்லு’ன்னா. சொல்லிட்டேன். வேன நிறுத்தச் சொல்லி, என்னய எறக்கி, முடிச்சத் தூக்கி எம் மூஞ்சியில எறிஞ்சா. ‘நாளைக்கி வெளக்கு வைக்கதுக்குள்ள இத நெறச்சு உண்டியல்ல போட்டுட்டு வா. இல்ல, இனிம என் நடையில கால் வைக்காத’ன்னா. குற்றாலலிங்கம் எஞ்சீட்டுல காலு நீட்டுதத என் கண்ணால பாத்தேன் வே!

சிரிக்கீரா? சிரியும். நானும் சிரிக்கத்தான் செய்யுதேன்.

கூட வந்தவங்கதான் உள்ள போணும்னு அடம் பிடிச்சாங்களாவா? … இல்லவே. உண்மையச் சொல்லட்டுமா? ஒருத்தரும் கேக்கல. அக்காவே, ‘வாசலோட பாத்து அனுப்பிருவோம் லே, வீண் செலவு’ன்னா. நாந்தான். எனக்குத்தான் பய பிளேனுல ஏறுதத பாக்கணும்னு இருந்துச்சு. நான் மட்டும் போனா என்ன நெனைப்பாங்க? அதான் பதினஞ்சு சீட்டு.

வரியக் கட்டிட்டு மாடிக்கு ஓடுனேன். அந்தா, வெள்ளச் சட்ட, ஏணிப்படியில ஏறுதான். கடேசிப் படியில நின்னு திரும்பிட்டான் அண்ணாச்சி! அம்புட்டுத் தூரத்துக்கு என்னயத் தெரிஞ்சிருக்காது. ஆனா கைய வீசுனான். எம் பக்கம்தான் வீசுனான். சந்தோசத்துல நெஞ்சு வெடிச்சுரும்போல இருந்துச்சு வே. இன்னும் எறங்கல எனக்கு.

… இது என்னது? பத்து ரூவாயா? வேண்டாம்… சாமிக்கா? சாமிக்குன்னா வையும், நான் யாரு தடுக்க? ஏ தாயி, பின்னாலருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்திய? வைங்க, அஞ்சா? உங்க பிள்ளையளும் நல்லா இருக்கணும். அந்தா, அந்த மீசக்காரரும் நீட்டுதாரு! பாத்தீரா அண்ணாச்சி, பஸ்ஸே வைக்கி! கலகலங்குது… கேளும், கேளும்! நாளைக்கிக் கடையத் தொறந்து கைத்துட்டையும் போட்டா நெறஞ்சுரும். அவுக்க முடியாத மாதிரி இறுக்கி ஒரு முடிச்சு… ஆச்சு!

என்ன எந்திரிச்சிட்டீரு? நாங்குநேரியிலயா எறங்குதீரு? திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குப் போறீருன்னுல்லா நெனச்சேன்… அண்ணாச்சி! … நல்ல மனுசன். சொல்லாம எறங்கிட்டாரே.

வாரும் கண்டக்டரே. டிக்கெட்டு… ஆமா, வண்ணார்பேட்டைக்கு. துட்டா? துட்டு இல்லியே. … இதுவா? அந்தப் பேச்சே பேசாதீரும்! இது உலகம்மைக்கு முடிஞ்சது. ஒருவாட்டி அவுத்துட்டு நான் படுதது போதாதா? வையும், நல்லா வையும். எறக்கி விடுவீரா? விடும்வே! பாவநாசம் வர நடந்தே போறேன். முடிச்சுல மட்டும் கை வைக்க மாட்டேன்.

விசில் ஊதும். எறங்குதேன்.

… அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! நில்லும்வே, நாந்தான்! ஏன் இப்படி வெரசலா நடக்கீரு? உம்ம வீடும் இந்த வழிதானா? நல்லதாப் போச்சு… அந்தப் பிளேனுக்கு எத்தன டயருன்னு நான் உமக்குச் சொல்லவே இல்லியே!