கிளிக்கு நான் கத்துக்குடுத்தது

...இல்லக்கா, நீங்களே சொல்லுங்க, ஒரு கிளிக்குச் சட்டத்துல என்ன மதிப்புன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியணுமாம்! லீவு நாள்ல, தலைக்குக் குளிச்ச ஈரம்கூட காயல, உக்காந்து தேடுறேன். நீங்க ஜன்னல் பக்கமே இருங்க, நான் பைய மடியில வச்சுக்குறேன், பரவால்ல.

நான் சின்னப் பசங்க கோர்ட்ல வேல பாக்குறேன்க்கா, பதினெட்டு வயசுக்குள்ள உள்ளவங்க கேஸ் மட்டுந்தான் அங்க வரும். சட்ட ஆராய்ச்சி உதவியாளர். எங்கம்மா ஊரெல்லாம் "எம்பொண்ணு ஆராய்ச்சி பண்றா"ன்னு சொல்லி வச்சு, எங்க சித்தி வந்து "எலிய வச்சாடி?"ங்குறாங்க. எலியுமில்ல ஒண்ணுமில்ல. ஜட்ஜ் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தா, பழைய தீர்ப்பையெல்லாம் தோண்டி எடுத்து, சட்டம் இப்பிடிச் சொல்லுதுன்னு எழுதிக் குடுக்கணும். அவங்களுக்கு வர்ற சந்தேகம் இருக்கே... அப்பப்பா!

இந்தக் கேஸயே எடுத்துக்கோங்க. ஒரு டெய்லரம்மா, கடையில கிளி வளக்குறாங்க, வளக்க அனுமதி உள்ள வெளிநாட்டுக் கிளிதான். யார் வந்தாலும் அது "வாங்க, உக்காருங்க"ங்கும். வந்தவங்க உக்காந்துருவாங்க. உக்காந்தவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. ஒரே அரட்டை! பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு, பத்தாவது படிக்குது, பரீட்சை நேரம். நடுவுல ஒத்தச் செங்கல் சுவருதான். அது கெஞ்சிப் பாத்துச்சு, அழுது பாத்துச்சு. கடைசியில ஜன்னல் வழியா கிளிக்கு ஒரு வார்த்த கத்துக்குடுத்துருச்சு. "கெளம்புங்க! கெளம்புங்க!"

சிரிக்காதீங்கக்கா, வியாபாரமே படுத்துருச்சு! பாதி ஜாக்கெட்ட மாட்டிப் பாத்துட்டிருந்தவங்க ஊசியோட ஓடிருக்காங்க. டெய்லரம்மா நேரா போலீசு, அங்கருந்து எங்க கோர்ட்டு. "என் பொருளக் கெடுத்துட்டா!"

ஜட்ஜ் அம்மா லீவு நாள்னும் பாக்காம எனக்குப் போன் போட்டாங்க. "ஏம்மா, கிளியோட பேச்ச மாத்தினா அது பொருளுக்குச் சேதமா?" எனக்கு எரிச்சலு. அந்தப் பொண்ண நான் பாத்ததுகூட இல்ல. குற்றம்னு முடிவாச்சுன்னா பள்ளிக்கூடத்துல பேச்சாயிரும், அதெல்லாம் யோசிச்சனா? வேல முடிஞ்சாப் போதும்னு, ரொம்ப விறைப்பா எழுதிட்டேன். "உரிமையாளரின் அனுமதியின்றி, எவர், எச்சொல்லைக் கற்பித்தாலும் சேதமே." எழுதிட்டு எனக்கே நான் தட்டிக்குடுத்துக்கிட்டேன்.

விசாரண அன்னிக்கு கிளி வந்துச்சு, கூண்டோட. சாட்சியா, பொருளான்னே தெரியாம அதுக்கு ஒரு நாற்காலி போட்டுட்டாங்க. மதியச் சாப்பாட்டு நேரத்துல அத எங்க வைக்கிறது? என் ரூம்ல! ஏன்னா அங்கதான் ஃபேன் மெதுவா சுத்துமாம். சரின்னு வாய்ல ஒரு கவளம் வைக்கிறேன், ஜட்ஜ் அம்மாகிட்டருந்து ஆளு வர்றாரு. இன்னொரு சந்தேகமாம். கிளி தானா கத்துக்கிட்டா அப்ப யாரு பொறுப்பாம்! எனக்கு வந்துச்சே ஒரு கோவம்... டிபன் பாக்ஸ மூடிட்டு, டைப் அடிச்சுக்கிட்டே பொலம்புறேன், "இந்த அம்மாவுக்கு வேற வேலையே இல்ல, இந்த அம்மாவுக்கு வேற வேலையே இல்ல"ன்னு. ஒரு தடவ சொன்னாப் பரவால்லக்கா. பாட்டு மாதிரி சொல்லிருக்கேன்!

சாப்பாட்டு நேரம் முடிஞ்சு கிளி திரும்ப அதோட நாற்காலிக்குப் போயிருச்சு, ஜட்ஜ் அம்மா உள்ள வர்றாங்க. எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறோம். கோர்ட்டே கப்சிப். கிளி ஆரம்பிச்சுது பாருங்க. "இந்த அம்மாவுக்கு வேற வேலையே இல்ல!" என் கொரலு! அப்பிடியே என் கொரலு!

டெய்லரம்மா குதிக்கிறாங்க. "பாருங்கம்மா, ஜட்ஜயே திட்டக் கத்துக்குடுத்திருக்கா!" அந்தப் பொண்ணு வெளிறிப் போயிருச்சு. "சத்தியமா நான் இல்லீங்க"ன்னு அழுகுது, அதோட அம்மா மொகத்தப் பொத்திக்கிறாங்க. பேசாம இருந்தா தப்பிச்சிருவேன்க்கா. ஆனா அது மொகத்தப் பாத்துட்டு எப்பிடி இருக்குறது? கைய தூக்கிட்டேன். "நான்தாங்கம்மா."

ஜட்ஜ் அம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. சிரிப்ப அடக்குறாங்களா, கோவத்தையான்னு தெரியல. "எவர், எச்சொல்லைக் கற்பித்தாலும்... இத எழுதினது நீங்கதானே?"ன்னாங்க. "ஆமாங்கம்மா." "அப்ப ரெண்டு பேரும் சேந்தே கிளியச் சரி பண்ணிக் குடுங்க. பண்ணிட்டா இந்தப் பொண்ணு மேல கேஸ் இல்ல."

அதான் சனிக்கிழம சனிக்கிழம அந்தக் கடைக்குப் போக ஆரம்பிச்சேன், இந்த பஸ்லயே. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, சட்டுனு "வாங்க"வத் திரும்ப வரவச்சிருச்சு. கேஸும் முடிஞ்சுது, பரீட்சையும் நல்லா எழுதிருச்சு. என் வாய்தான் சும்மா இருக்காதே! கூண்டுப் பக்கத்துல உக்காந்து போன்ல ஆபீஸ் விஷயம் பேசினேன், மூச்சுக்கு மூச்சு "மேற்படி கேஸு, மேற்படி ஆளு"ன்னு. இப்ப யாராவது கடைக்குள்ள வந்தா கிளி "வாங்க, மேற்படி! உக்காருங்க, மேற்படி!"ங்குது. ஒருத்தரு அவரத்தான் கேலி பண்ணுதுன்னு தைக்கக் குடுத்த துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாராம்.

டெய்லரம்மா இப்ப என் மேல தனியா கேஸ் போடுறாங்க. நான் ஜட்ஜ் அம்மாகிட்ட ஓடினேன். "அம்மா, இத நம்ம கோர்ட்லயே வச்சுக்கலாமே, கொஞ்சம் அன்பா விசாரிப்பீங்க..."ன்னு கேட்டேன். என்ன ஏற எறங்கப் பாத்துட்டு, "உங்களுக்கு வயசு தாண்டிருச்சும்மா"ங்குறாங்க! எத்தன பேரு இருக்காங்க அந்த ஹால்ல, இவ்ளோ சத்தமாவா சொல்லுவாங்க? நீங்களே சொல்லுங்க, பாத்தா அவ்ளோ வயசாவா... அக்கா? இது ஸ்டாப் இல்லக்கா, சிக்னலு! அக்கா!