பெரட்டு மணி அடித்தவர்

ஹட்டனில் கொட்டகலை பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் நின்றார்கள். காலித் தூக்குச்சட்டி வைத்திருந்த இளையவள் சொன்னாள்:

“வெட்ட வந்தவனுங்கள விட்டுட்டு, மணி அடிச்ச எங்க வீட்டுக்காரரப் புடிச்சு வச்சிருக்காங்கக்கா.”

“என்னா மணி?”

“பெரட்டு மணிதான். ஞாயித்துக்கெழம பட்டப்பகல்ல கடவீதிச் சண்டியனுங்க கத்தியோட எங்க லயத்து வீடுகளுக்குள்ள பூந்துட்டானுங்க. ஆள் சேரட்டும்னு ஓடிப்போயி அடிச்சாரு. வேலைக்குக் கூப்புட மட்டுந்தான் அந்த மணிய அடிக்கணுமாம். தோட்டத்துத் தொர பொலிசுல சொல்லிட்டாரு.”

“பொலிஸ் எப்ப வந்துச்சு?”

“மறுநாளு. இவரப் புடிக்க.”

“போன மாசமும் அதே பயலுக வந்தானுங்களே?”

“அப்ப பொலிசுக்குப் போனா, தோட்டத்து விசயம், தொரகிட்டப் போன்னாங்க. தொர, இது சண்டித்தனம், பொலிசுக்குப் போன்னாரு.”

“அடப்பாவிகளா! இப்ப மட்டும் ஒண்ணு சேந்துட்டாங்களா?”

எனக்குப் பின்னால் நின்ற கிழவர் தணிந்த குரலில் எச்சரித்தார்: “மெதுவாப் பேசுங்கம்மா. டீக்கடையில பொலிஸ்காரரு நிக்கிறாரு.”

இளையவள் டீக்கடைப் பக்கம் நன்றாகத் திரும்பி, உரத்த குரலில் சொன்னாள்:

“நிக்கட்டுங்க. மணி அடிச்சப்பதான் காதுல விழல. இதாவது விழட்டும்.”