செம்புத் தகட்டுல ஒரு படலம்

சிரிச்சுக்கிடுங்க. பென்சில்ல உள்ள அதே கரிதான், ஆமா. பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணுக்க வேலையக் கேட்ட மொத ஆளு நீங்கதான், ராஜகுமார். முன்ன வந்தவனுவ மீன்கறி வைப்பியான்னுதான் கேட்டானுவ. அதனால சொல்லுதேன்.

செம்புத் தகட்டச் சூளைக்குள்ள வச்சு, ஆயிரம் டிகிரி சூடாக்கி, ஹைட்ரஜனோட மீத்தேன் வாயுவ விடணும். சாணிக்குழில வரும்லா, அதேதான். அதுல உள்ள கரி பிரிஞ்சு செம்புல ஒட்டும். அங்கங்க தீவு தீவா மொளச்சு, வளந்து, ஒண்ணோட ஒண்ணு முட்டி, தகடு பூரா மூடிரும். மூடினதும் நின்னுபோவும். ஒரே ஒரு அணு கனம், கண்ணுக்குத் தெரியாது. அதுதான் கிராஃபீன்.

செம்புதான் வேணுமான்னா? நிக்கல்லயும் வளரும். ஆனா அதுக்கக் கொணம் வேற. சூட்டுல கரிய முழுங்கி உள்ள வச்சுக்கிட்டு, ஆறும்போ அடுக்கடுக்கா வெளிய கக்கும். கீழ உக்காந்திருக்க உங்க பெரியம்ம, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாவல்லா? கல்யாணச் சூடு ஆறட்டும், ஒவ்வொண்ணா வெளிய வரும். கோவப்படாதீங்க. நீங்களும் பக்கத்துல இருந்து தலையாட்டத்தான செஞ்சிய.

கல்யாணத்துக்குப் பெறவு வீட்டுலயிருந்து செய்யலாமான்னா? செய்யலாமே. தோஹால உங்க பிளாட்டுல ஹைட்ரஜன் சிலிண்டர் வைக்க விடுவானுவளான்னு கேட்டுச் சொல்லுங்க. நீங்க சேஃப்டி ஆபீசர்தான.

தீவுக முட்டுற எடத்துல தையல் விழும், அதுதான் கொற. தையலே இல்லாம ஒரு தகடு வளத்தெடுக்க எனக்கு நாலு வருஷமாச்சு. நாளைக்குத் திருவனந்தபுரத்துல அத அளந்து பாத்துட்டா தீசிஸ் முடிஞ்சுரும். அதுக்குத்தான் சென்னைலயிருந்து வந்தேன், உங்களப் பாக்க இல்ல.

இப்ப அந்தத் தகடு இல்ல. காலைல எங்க அம்மை எனக்க பைக்குள்ள அதப் பாத்துட்டா. யாரோ செய்வினை வச்சுத்தான் எனக்கு வந்த சம்மந்தமெல்லாம் தட்டிப்போச்சுன்னு ஒரே அழுகை. கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்கும்னு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேய்னு தேச்சு, ஆட்டோ புடிச்சு கடியப்பட்டணம் போயி கடல்ல எறிஞ்சா. வந்துதான் நீங்க தின்ன பழம்பொரியச் சுட்டா. அவகிட்ட சண்ட போடக்கூட எனக்குத் தெம்பில்ல.

இன்னைக்கு வண்டிக்கே திரும்பிப் போறேன். மொதல்லயிருந்து வளக்கணும். நீங்க கீழ போயி எங்க அம்மைகிட்ட மெதுவா சொல்லுங்க, அவ பயந்தது சரிதான்னு. அடுத்த தகடு முடியாம இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் கெடையாது.